நீல டிராமின் முதல் பெட்டி

மேல் எகிப்திலிருந்து வடக்கே வரும் இரவு ரயிலில் ஒரு பேச்சு ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அலெக்சாண்ட்ரியாவின் நீல டிராமில் டிக்கெட் கிழிக்கிற ஒரு பெண் இருக்கிறாளாம். அவளுடைய அண்ணன் பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டராம். அவளிடம் நோயின் பெயரைச் சொன்னால் போதுமாம், டாக்டரின் அறை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவாளாம், வரிசையில்கூட நிற்க வேண்டாமாம். சொன்னவர்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை. மைத்துனியின் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள், அல்லது அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் சம்பந்தி.

ஸுஹைருக்கு அண்ணனே கிடையாது. டமன்ஹூரில் நாலு தங்கைகளோடு பிறந்தவள். ரம்ல் நிலையத்துக்கும் விக்டோரியாவுக்கும் இடையில் ஓடும் டிராமில், பெண்களுக்கென்று ஒதுக்கிய முதல் பெட்டியில், இருபத்திரண்டு வருஷமாக டிக்கெட் கிழிக்கிறாள். இந்த வதந்தி அவள் காதுக்கு வந்தபோது முதலில் சிரித்தாள், அப்புறம் கொஞ்சம் பயந்தாள். வண்டியை ஓட்டும் அதிய்யா அதை வைத்து ஒரு வாரம் அவளைக் கிண்டல் செய்தான்.

“அக்கா, உங்க அண்ணன் டாக்டர்கிட்டச் சொல்லி என் முதுகுவலிக்கு ஒரு மருந்து வாங்கிக் குடுங்களேன்.”

“உனக்கு முதுகுவலி இல்லடா, சோம்பேறித்தனம். அதுக்கு எங்க அண்ணன்கிட்டயும் மருந்து கிடையாது.”

வதந்தியில் உண்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வெளியூர்க்காரர்களுக்கு வேண்டியது இந்த ஊரில் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. எந்தப் பல் டாக்டர் எந்த நிறுத்தத்தில், மூட்டை முடிச்சை யாருடைய கடையில் வைத்தால் சாயங்காலம் அப்படியே இருக்கும், எந்தப் பள்ளிவாசலில் பெண்கள் முகம் கழுவ வெந்நீர் வரும், எந்தக் கடற்கரையில் குடைக்குக் காசு கேட்காமல் விடுவார்கள், அஸாஃபிராவுக்குப் போகும் வேனை எந்த முனையில் நின்று கைகாட்டினால் நிறுத்துவான் என்பதெல்லாம். டிக்கெட் கட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கிழித்துக் கொடுப்பாள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் வரைவாள். மருந்துக்கடை என்றால் பாட்டில், நோட்டரி ஆபீஸ் என்றால் முத்திரை. நன்றிக்கடனாக மாதத்துக்கு ஒன்றிரண்டு பொட்டலங்கள் அவள் பெயரைக் கேட்டு ரம்ல் நிலையத்துக்கு வரும். வெயிலில் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டி, பேரீச்சம்பழம், ஒருமுறை உயிரோடு ஒரு வாத்து. வாத்தை அதிய்யா கொண்டுபோனான். அவன் முதுகுவலி அன்றோடு நின்றது.

இதையெல்லாம் அவள் தானாகக் கற்றுக்கொண்டாள் என்றும் இல்லை. பத்தொன்பது வயதில், கல்யாணமான எட்டாம் நாள், தனியாக சிதி காபிர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவள். பட்டாளத்திலிருந்த புருஷனுக்கு அன்றைக்கு விடுப்பு ரத்தாகிவிட்டது, கூப்பிட வரவில்லை. கையிலிருந்த முகவரியைக் காட்டிக் காட்டி அழுதவளை, டிராமுக்கு நின்ற மூன்று பெண்கள் கூட்டிப்போய் மாமியார் வீட்டில் விட்டார்கள். அவர்கள் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை. பின்னால் பட்டாளத்திலிருந்து திரும்பி டிராம் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புருஷன் இறந்துபோக, நிறுவனம் அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தது. முதல் நாள் பெட்டிக்குள் ஏறியதும் அந்த மூன்று முகங்களைத்தான் தேடினாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தாள். இந்த ஊரில் வழி கேட்டு வந்தவரிடம் யாரும் தெரியாது என்று சொல்வதில்லை. விருந்தாளியை வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிற மாதிரி அது. தெரிந்தால் சொல்வார்கள், தெரியாவிட்டால் இன்னும் விளக்கமாகச் சொல்வார்கள். வேலைக்கான நேர்முகத்துக்கு வந்த ஒரு பெண்ணை ஸுஹைரும் அப்படித்தான், மனமார, நாலு நிறுத்தம் தள்ளி இறக்கிவிட்டாள். சாயங்காலம் அதே டிராமில் திரும்பிய அந்தப் பெண் நேர்முகம் தவறிப்போனதை மட்டும் சொன்னாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் மனது ஆறியிருக்கும். அதற்கப்புறம் ஒரு வருஷம், ஓய்வு நாளிலெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி நடந்து பார்த்தாள். இனி யாரும் தன்னால் வழிதப்ப மாட்டார்கள் என்று நினைத்தாள்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரியவர் தக்ரூனியும் அவர் மனைவி ஸனிய்யாவும் ரம்ல் நிலையத்துக்கு வந்தார்கள். கினாவுக்குப் பக்கத்தில் கரும்பு விளையும் ஊர். பதினாலு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்திருந்தார்கள். பெரியவருக்கு இடது கண் போய் ஆறு வருஷம். வலது கண்ணில் புரை முற்றி, வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். ருஷ்தியிலிருக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை கெய்ரோவிலிருந்து ஒரு நிபுணர் வருவார், காசு வாங்காமல் அறுவை செய்வார். நாலு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் இது. பதினோரு மணிக்குப் பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டும், மறுபடியும் நாலு மாதம். அதுவரை இந்தக் கண் தாங்காது என்று ஊர் டாக்டர் சொல்லியிருந்தார்.

ஸனிய்யா நேராக முதல் பெட்டிக்கு வந்தாள். “ஸுஹைருன்னா நீதானாம்மா? ஒன்னத் தேடித்தான் வாரோம். ஒங்க அண்ணன்…”

“அண்ணன் இல்ல ஹாஜியம்மா. ஆனா ஆஸ்பத்திரி எனக்குத் தெரியும். இறங்கி அஞ்சு நிமிஷ நடை. ஏறுங்க, இங்க உக்கார எடம் இருக்கு.”

“இவுகளுக்குக் கண்ணு தெரியாது. நா கூட இருக்கணுமே.”

இந்த இடத்தில்தான் பிசகியது. முதல் பெட்டியில் ஆண்கள் ஏறக் கூடாது. ஸனிய்யா புருஷனோடு அடுத்த பெட்டியில் ஏறியிருக்கலாம், அங்கே பெண்கள் ஏறுவதற்குத் தடையில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் கோடைக் கூட்டம், பிள்ளைகளும் மிதவைகளும் குடைகளுமாக நெரிந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரு பெண்ணை அங்கே நிற்கவைக்க ஸுஹைருக்கு மனது வரவில்லை.

“நீங்க இங்க உக்காருங்க. அவரைப் பத்திரமா நான் சேர்க்கிறேன்” என்று இறங்கிப்போய், இரண்டாவது பெட்டியில் தக்ரூனிக்கு ஓர் இருக்கை பிடித்துக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனிடம், “தம்பி, ஹாஜியை ருஷ்தில இறக்கி விட்டுடு” என்றாள். “கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன் அக்கா” என்றான் அவன்.

வழியெல்லாம் ஸனிய்யா பேசிக்கொண்டே வந்தாள். பெரியவர் மடியில் டாக்டருக்காக ஒரு டின் கரும்புப் பாகு இருக்கிறது, சொந்த வயல் கரும்பு, மூடிதான் சரியில்லை. பேத்தி பிறந்து ஒன்றரை வருஷமாகிறது, முகத்தைத் தடவித்தான் பார்த்திருக்கிறார். மூக்கு யாருடையது என்று வீட்டில் தினமும் சண்டை. “எங்க அம்மா மூக்குன்னு நாஞ் சொல்லுதேன். அவுக அம்மா மூக்குன்னு அவுக சொல்லுதாவ. கண்ணு தெறந்ததும் பாக்கட்டும், தோத்துருவாவ.”

ருஷ்தியில் இறங்கி இரண்டாவது பெட்டி வாசலுக்குப் போனார்கள். தக்ரூனி அங்கே இல்லை.

“அந்தப் பெரியவரா? அப்பவே எறங்கிட்டாரே” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“எங்க?”

“இப்ராஹீமிய்யாவுல.”

“இல்ல, ஸ்போர்ட்டிங்ல. நான் பாத்தேன்.”

“கிளியோபாட்ராங்க. நான்தான் வழிவிட்டேன்.”

மூன்று பேரும் மூன்று நிறுத்தங்களைச் சொல்லி, சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். ஸுஹைர் ஸனிய்யாவின் பக்கம் திரும்பினாள். “ஃபோன் பண்ணுங்க ஹாஜியம்மா.”

ஸனிய்யா தன் பையைத் திறந்து காட்டினாள். இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்த ஒரே ஃபோன் அதற்குள் இருந்தது. “அவுகளுக்கு பட்டன் தெரியாதேம்மா” என்றாள். அவள் அழவில்லை, ஸுஹைரின் முகத்தையே பார்த்தாள். அழுதிருந்தால் தேவலை.

மணி ஒன்பது நாற்பது. அதிய்யா மணியடித்து அவசரப்படுத்தினான். ஸுஹைர் டிக்கெட் பையைக் கழற்றி ஜன்னல் வழியாக அவன் மடியில் போட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் வேலை நேரத்தில் அந்தப் பை அவள் தோளிலிருந்து இறங்கியதே இல்லை.

“அக்கா, மேலதிகாரி கேட்டா?”

“எங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன்னு சொல்லு.”

எதிர்த் திசையில் போன வேனைக் கைகாட்டி நிறுத்தி, முதலில் கிளியோபாட்ராவுக்கே போனார்கள். கடைசி நிறுத்தத்தைச் சொன்னவன்தான் கடைசியாகப் பார்த்திருப்பான் என்பது ஸுஹைரின் கணக்கு. நடந்தது என்ன என்பது பின்னால்தான் தெரியவந்தது. கல்லூரிப் பையன் ஷாத்பியில் இறங்கும்போது பெரியவரைப் பக்கத்திலிருந்த துணிக்கடைக்காரரிடம் ஒப்படைத்தான். துணிக்கடைக்காரர் ஸ்போர்ட்டிங்கில் இறங்கும்போது, குடையோடு நின்ற ஒருவரிடம் ஒப்படைத்தார். வேனில் டிக்கெட் காசைக் கைமாற்றி முன்னால் அனுப்புவதுபோல மனுஷனை அனுப்பியிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் நல்ல மனதோடுதான். குடைக்காரரோ டான்டாவிலிருந்து கடலில் குளிக்க வந்தவர். ருஷ்தி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. தான் இறங்கிய இடத்திலேயே பெரியவரையும் கையைப் பிடித்து இறக்கி, சாலையைக் கடக்கவைத்துவிட்டு, “நேராப் போங்க ஹாஜி” என்று கடல் பக்கமாகத் திருப்பி நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

கிளியோபாட்ராவில் ஸுஹைர் கேட்காத ஆளில்லை. செருப்பு தைக்கிறவன் அவரைப் பார்த்தானாம், இடது பக்கம் போனார். இளநீல வீட்டுக் காவல்காரன் பார்த்தானாம், வலது பக்கம். அவித்த பயறு விற்கிறவன் இன்னும் ஒரு படி மேலே போய், “ஒரு தட்டு சாப்பிட்டுட்டு டாக்ஸியில ஏறினார், பெரிய பசி” என்றான். ஸனிய்யா டாக்ஸி நிறுத்தம்வரை ஓடி, மூச்சிரைக்கத் திரும்பினாள். மணி பத்து ஐந்து.

ஸுஹைர் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். வழி கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பாதிருக்க இத்தனை பேரும் இவ்வளவு அன்பாகப் பொய் சொல்கிறார்கள், தான் பார்க்கிற வேலையும் பாதி இதுதானே என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கு உறைத்தது. பார்த்தீர்களா என்று கேட்டால் இந்த ஊரில் பார்த்தேன் என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்ற வேண்டும்.

“அவர் கையில என்ன வச்சிருந்தார்?” என்று கேட்கத் தொடங்கினாள்.

“கைத்தடி” என்றான் ஒருவன். “பை, கறுப்புப் பை” என்றான் அடுத்தவன். கடற்கரைச் சாலை முனையில் பத்திரிகைக் கடைக்காரன் மட்டும் எரிச்சலோடு நிமிர்ந்தான்.

“டின்னு. ஏதோ பாகு. மூடி லூசு. என் பத்திரிகை நாலு போச்சு, பாருங்க. ஸக்லூல் வந்து கூட்டிட்டுப் போனான்.”

ஸனிய்யா அந்தப் பிசுபிசுத்த பத்திரிகைகளை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “எங்க வயக் கரும்புதான்” என்றாள்.

ஸக்லூலை ஸுஹைருக்குத் தெரியும். கோடை முழுக்கக் கடற்கரைச் சாலையில் நின்று, ஒரு வளையம் நிறையச் சாவிகளை ஆட்டிக்கொண்டிருப்பவன். கோடைக்கு வாடகை வீடு வேண்டுகிறவர்கள் அந்தச் சத்தத்துக்கு வண்டியை நிறுத்துவார்கள். அவன் கொண்டுபோகும் கட்டடங்கள் மூன்று. மூன்றாவது கட்டடத்தில், லிஃப்ட் ஓடாத நாலாவது மாடியில், பால்கனி நாற்காலியில் தக்ரூனி டின்னை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். ஸக்லூல் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தான்.

“வாங்க அக்கா. ஹாஜிக்கு வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. முதல் ரெண்டுலயும் ஒரு வார்த்தை பேசல. இங்க வந்ததும் காத்து நல்லாருக்குன்னார்.”

“ஸக்லூல், அவருக்குக் கண்ணு தெரியாதுடா.”

ஸக்லூல் அவரைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், சாவி வளையத்தை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டான். “நான் ஒரு மணி நேரமா அலைய வர்ணிச்சுக்கிட்டு இருக்கேன் அக்கா.”

“நல்லாத்தான் சொன்னான் புள்ள” என்றார் தக்ரூனி. “ஆசுபத்திரி இம்புட்டு ஒசரத்துலயா இருக்குன்னு கேக்கலாமான்னு பாத்தேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தவன்கிட்ட அப்படிக் கேக்கது மரியாத இல்லன்னு விட்டுட்டேன். ஸனிய்யா, நீ எங்கன போய்த் தொலைஞ்ச?”

“நானா தொலைஞ்சேன்?” என்றாள் ஸனிய்யா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஸக்லூல் பெரியவரை முதுகில் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் இறங்கினான். கடற்கரைச் சாலையில் வண்டிகள் நகர முடியாமல் நெருக்கியடித்து நின்றன. அவன் தன் ஸ்கூட்டரில் முன்னால் போய், கத்திக் கெஞ்சி, டாக்ஸிக்கு வழிபிடித்துக் கொடுத்தான். அப்படியும் ஆஸ்பத்திரிப் படியேறும்போது மணி பதினொன்று இருபது. பதிவு மேசைப் பெண் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். தக்ரூனியின் பெயர் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

“மூணு தடவை கூப்பிட்டோம். நாலு மாசம் கழிச்சு வாங்க.”

“தப்பு என்னோடது” என்றாள் ஸுஹைர். “அவரைத் தனிப் பெட்டியில ஏத்தினது நான். யார்கிட்டயோ குடுத்துட்டு நிம்மதியா இருந்துட்டேன். எம்மேல எழுதிக்குங்க, என் நிறுவனத்துக்குக்கூட எழுதுங்க. அவரை மட்டும் உள்ள விடுங்க.”

“டாக்டருக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர்தான். நான் பதிமூணாவது ஆளை எங்க வைப்பேன், சொல்லுங்க?”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பருத்த பெண் இதையெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதே ஊரில் அன்ஃபூஷியில் மீன் விற்கிறவள், பெயர் தவ்லத். ஒரு கண்ணில் புரை, வரிசையில் அடுத்த ஆள்.

“எங்கேர்ந்து வராங்க?”

“கினாவுலேர்ந்து” என்றாள் ஸுஹைர்.

“நான் அன்ஃபூஷி. ஒரு வேன், ஒரு டிராம். என் இடத்துல அவரை வை.”

மேசைப் பெண் பேனாவை வைத்துவிட்டாள். “அம்மா, நீங்க விட்டுக்குடுத்தா நீங்களும் பட்டியல் கடைசிக்குப் போகணும். நாலு மாசம்.”

“எனக்கு இன்னொரு கண்ணு இருக்கு. மீனை எண்ணுறதுக்கு அது போதும்.”

“காகிதத்துல பெண் பேர் இருக்கே.”

“பேரை மாத்த ஒனக்குக் கை வலிக்குதா? குடு, நான் மாத்தறேன். எனக்கு எழுதத் தெரியாது, அதனால தப்பும் வராது.”

வரிசையே சிரித்தது. மேசைப் பெண்ணும் சிரித்துவிட்டு, உள்ளே போய்க் கேட்டு வந்து, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் தக்ரூனியின் பெயரை மறுபடி எழுதினாள். ஸனிய்யா தவ்லத்தின் கையைப் பிடித்து முத்தமிடப் போக, அவள் கையை இழுத்துக்கொண்டாள். “விடும்மா, மீன் நாத்தம் அடிக்கும்.”

இத்தனை வருஷம் மற்றவர்கள் சொன்ன நன்றியை வாங்கி வாங்கி, ஸுஹைருக்கு அதைச் சொல்லுகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. தவ்லத்தை வாசல்வரை கொண்டுவிடும்போது, “நீங்க இன்னிக்கு என்னைக் காப்பாத்தினீங்க” என்று மட்டும் சொன்னாள்.

“ஒன்னையா? நான் அந்த ஆளுக்குக் குடுத்தேன்” என்றாள் தவ்லத். “ஒன் நம்பரைக் குடு. கண்ணு தெறந்துச்சான்னு எனக்குத் தெரியணும். அது என் முறையில செஞ்ச கண்ணு.”

அறுவை முடிந்தது. டாக்டர் அதிகம் பேசவில்லை. புரை ரொம்பக் கெட்டியாக இருந்தது, உள்ளே நரம்பு எப்படி இருக்கிறதென்று கட்டைப் பிரித்தால்தான் சொல்ல முடியும், காலை ஒன்பது மணிக்குப் பிரிக்கலாம் என்றார். இரண்டு பேரும் அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே தங்கினார்கள்.

புதன்கிழமை காலையில் ஸுஹைர் வேலைக்கு வந்தாள். மேலதிகாரி எழுதிக் கொடுத்த காகிதத்தில் மூன்று நாள் சம்பளம் பிடித்திருந்தது, படித்துவிட்டு மடித்து வைத்தாள். எட்டரைக்குத் தவ்லத் கூப்பிட்டாள். எட்டே முக்காலுக்கு மறுபடியும் கூப்பிட்டாள். “பிரிச்சாச்சா?” “இன்னும் நேரம் இருக்கு.” “நீ எதுக்கும் அங்க போயிருக்கலாம்ல.” “வேலைல இருக்கேன் அக்கா.” பின்னணியில் யாரோ மீனுக்குப் பேரம் பேசுவது கேட்டது. ஒன்பது ஐந்துக்கு ஸக்லூல் கூப்பிட்டான். சும்மாதான் கூப்பிட்டேன் என்றான், எதையும் கேட்காமல் வைத்துவிட்டான்.

ஒன்பது இருபத்தைந்துக்கு டிராம் விக்டோரியா வந்து நின்றது. திரும்பிக் கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. பெட்டி காலியானதும் ஸுஹைர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஸனிய்யாவின் எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி போனது. ஃபோன் பையின் அடியில் கிடக்கலாம். டாக்டர் வர நேரமாகியிருக்கலாம். இல்லை, கட்டைப் பிரித்துவிட்டு இரண்டு பேரும் அதைக் கேட்கிற நிலையில் இல்லாமல் இருக்கலாம், சந்தோஷத்திலா துக்கத்திலா என்றுதான் தெரியவில்லை. துண்டித்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

அதிய்யா தேநீர்க் குவளையோடு வந்து கதவில் சாய்ந்தான். அன்றைக்கு அவன் கிண்டல் செய்யவில்லை.

“எடுத்தாங்களா அக்கா?”

அவள் கையை உயர்த்தி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். ஸனிய்யாவின் எண்ணுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது.